கால்களுக்கு மட்டும்

பல் டாக்டர் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று, எதிரே ஆளே இல்லாமல் காற்றில் கையை வீசிப் பாட்டு நடத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது தம்பி மனைவியிடமிருந்து போன் வந்தது. அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் தடுமாறிய குரலில் அவள் சொன்னதிலிருந்து டாக்டருக்கு விளங்கியது இவ்வளவுதான்: விடியற்காலையில் வீட்டுப் படிக்கட்டில் தம்பி வழுக்கி விழுந்திருக்கிறான், வலது கால் எலும்பு முறிந்திருக்கிறது, முழங்கால்வரை மாவுக்கட்டு. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் படியில் இறங்கினால் இப்படித்தான் ஆகும் என்று ஆஸ்பத்திரியில் ஒருவர் சொன்னாராம். அதற்கு அவனே சிரித்தானாம்.

டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு அவர்கள் பாடுகிற பழைய தேவாலயத்துக்கு இருநூறாவது ஆண்டு விழா. பழுதுபார்ப்பதற்காகக் கழற்றிப் போட்டிருந்த பெரிய ஆர்கன், நீண்ட காலத்துக்குப் பிறகு அன்றுதான் முதன்முதலாக ஆராதனையில் ஒலிக்கப்போகிறது. வானொலியில் நேரடி ஒலிபரப்பு வேறு. பாடகர் குழுவை நடத்துவது அக்காவான டாக்டர். ஆர்கன் வாசிப்பது தம்பி. ஆர்கனுக்குக் கை மட்டும் போதாது. கீழே வரிசையாகக் கிடக்கும் மரக்கட்டைகளை இரண்டு காலாலும் மிதித்தால்தான் அடித்தொண்டைச் சுரங்கள் பிறக்கும். கால் போனால் பாதி ஆர்கன் போச்சு.

அவளுக்கும் ஆர்கன் தெரியும். சின்ன வயதில் இருவரும் ஒன்றாகத்தான் கற்றார்கள். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்க இடம் ஒன்றுதான் காலியானது. தம்பி பெஞ்சில் உட்கார்ந்தான், அக்கா பாடகர்கள் பக்கம் போனாள். அன்று தொடங்கியது சண்டை. அவன் வாசிப்பது ஆமை வேகம் என்பாள் அவள். உனக்குப் பின்னால் யார் துரத்துகிறார்கள் என்பான் அவன். ஒவ்வொரு ஒத்திகையும் எலியும் பூனையுமாகத்தான் முடியும்.

இந்த விழாவுக்கென்று தம்பி ஒரு பாட்டு எழுதியிருந்தான். நான்கு குரல்களுக்கும் ஆர்கனுக்குமான பாட்டு. நல்ல பாட்டு என்று அக்காவே ஒப்புக்கொண்டாள். ஆனால் நடுவில் பாடகர்கள் வாயை மூடி நிற்க, கையையும் தூக்கிவிட்டு, கால்களுக்கு மட்டுமாக ஒரு பகுதி வைத்திருந்தான். அதுதான் அவளுக்கு எரிச்சல். இது ஆராதனையா, உன் கால் வித்தையைக் காட்ட ஒரு மேடையா என்று கேட்டாள். வெட்டு என்றாள். மாட்டேன் என்றான். அதோடு ஒரு வாரமாகப் பேச்சு இல்லை.

அவள் தேவாலயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஆர்கன் இருக்கும் மேல்மாடத்துக்குப் போகும் குறுகலான சுழல்படியில் ஒரே கூச்சல். பேஸ் என்னும் அடிக்குரலில் பாடும் தச்சரும் பஸ் டிரைவரும் தம்பியை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார்கள். வளைவில் மாவுக்கட்டு சுவரில் இடித்து நின்றுவிட்டது. நாற்காலியில் இருந்தபடியே தம்பி இடப்பக்கம், வலப்பக்கம் என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் தச்சர், வாயை மூடினால்தான் தூக்குவேன் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு சுலபமாக மேலே போனது.

மாடத்தில் எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வெறும் குரலிலேயே பாடிவிடலாம் என்றார்கள் சிலர். கையால் மட்டும் வாசிக்கட்டும் என்றார் பாதிரியார். தம்பி தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். அக்கா முகத்தைப் பார்க்கவே இல்லை.

"நீ சொன்ன மாதிரி அந்தப் பகுதியை வெட்டிடலாம்க்கா," என்றான் மெதுவாக.

அவள் ஆர்கனைப் பார்த்தாள். புதிதாகத் துடைத்த குழாய்கள் கூரைவரை பளபளவென்று நின்றன. கீழே மிதிகட்டைகள். அவளையும் அறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள்.

"தள்ளி உட்காருடா. நீ கையைப் பாரு, நான் காலைப் பார்த்துக்கறேன்."

"அப்ப பாட்டை யார் நடத்துவா?"

"என் கை சும்மாதானே இருக்கு?"

பஸ் டிரைவர்தான் முதலில் சிரித்தார். ஸ்டியரிங் ஒருத்தருக்கு, பிரேக் ஒருத்தருக்கா, வண்டி ஊர் போய்ச் சேர்ந்த மாதிரிதான் என்றார்.

ஒத்திகைக்கு ஒரே ஒரு தடவைதான் நேரம் இருந்தது. ஒருவருக்கான பெஞ்சில் இரண்டு பேர். வலது ஓரத்தில் தம்பி, மாவுக்கட்டுக் கால் பக்கவாட்டில் முக்காலிமேல் நீட்டிக்கிடந்தது. இடது பக்கம் அக்கா. உயர்ந்த சுரங்களை மிதிக்க அவள் வலது காலை அவன் தொடைக்குக் கீழே நுழைக்க வேண்டியிருந்தது. முதல் முயற்சியில் அவனுடைய நல்ல காலை நறுக்கென்று மிதித்தாள். மிச்சம் இருப்பது அது ஒன்றுதான் என்று அவன் அலறினான். பாடகர்கள் ஆர்கனின் இரண்டு பக்கமும் நெருக்கி நின்றுகொண்டார்கள், அவள் கை எல்லோருக்கும் தெரியவேண்டுமே. பாதிப் பாட்டில் எல்லாம் குழம்பிப்போய் நின்றது. அதற்குள் கீழே கதவைத் திறந்துவிட்டார்கள்.

தேவாலயம் நிரம்பி வழிந்தது. வாசலுக்கு வெளியிலும் கூட்டம். வானொலிக்காரர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கையைத் தூக்கினார். அக்காவுக்கு உள்ளங்கால் ஜில்லென்றிருந்தது. தம்பி தோளால் அவள் தோளை ஓர் இடி இடித்தான். சின்ன வயதில் பரீட்சைக்குப் போகும்முன் இடிப்பானே, அதே இடி. அவள் கையை உயர்த்தினாள்.

முதல் சுரம் எழுந்ததும் பெஞ்சே அதிர்ந்தது. அந்த அதிர்வு பாதத்தில் தொடங்கி முதுகெலும்பு வழியாக ஏறியது. இத்தனை வருடம் ஆர்கனுக்கு எதிரே நின்றே கேட்டுப் பழகியவள், அது காலடியிலிருந்து கிளம்பினால் எப்படி இருக்கும் என்பதை மறந்தே போயிருந்தாள். சோப்ரானோ பாடும் மேல்குரல் பெண்கள் பாட்டில் நுழைந்தார்கள், கை காட்டினாள். டெனர் பாடும் ஆண்கள், அவர்களுக்கும் காட்டினாள். கீழே கால் தன்பாட்டுக்குக் கட்டைகளைத் தேடிப்போய் மிதித்துக்கொண்டிருந்தது. மேலே தம்பியின் விரல்கள் ஓடின. இரண்டு பேரும் ஒன்றாகவே மூச்சு விட்டார்கள், நெருக்கத்தில் வேறு வழியும் இல்லை.

அந்த இடம் வந்தது. பாடகர்கள் நிறுத்தினார்கள். தம்பி கையை எடுத்தான். அவ்வளவு பெரிய கட்டடத்தில் அவள் இரண்டு கால்கள் மட்டும்.

பெஞ்சை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு மிதித்தாள். இடது, வலது, இடது, பிறகு குதிகால். ஒரு கட்டை தவறி அடுத்ததில் போய் விழுந்தது. ஒரு கசப்பான ஒலி கூரைவரை போய்த் திரும்பி வந்தது. நிற்கவில்லை. அதிலிருந்தே வழுக்கிக்கொண்டு சரியான சுரத்துக்குப் போனாள். வேகம் கூடிக்கொண்டே போனது. "மெதுவா, மெதுவா," என்று தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தான். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. உச்ச சுரத்துக்கு எட்ட வேண்டிய இடத்தில் மாவுக்கட்டுக் கால் குறுக்கே நின்றது. அவள் முழங்கால் வருவதைப் பார்த்துவிட்டு, தம்பி இரண்டு கையாலும் தன் காலை அப்படியே தூக்கினான். அவள் பாதம் அடியில் புகுந்து அந்தக் கட்டையை எட்டி மிதித்தது.

சுரம் கணீரென்று நின்றது. அவள் கையை வீசினாள். நாற்பது குரல்கள் ஒரே சமயத்தில் எழுந்தன. எந்த ஒத்திகையிலும் போகாத வேகம். தச்சருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. பஸ் டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். காலை இறக்கிப் போட்டுவிட்டுத் தம்பி கைக்கட்டைகள்மேல் விரல்களைப் பாயவிட்டான், ஒரு சுரம்கூடப் பின்தங்காமல். ஆமை எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தாள். வலியில் நெற்றி வியர்த்திருந்தது, ஆனால் காதுவரை சிரித்துக்கொண்டிருந்தான்.

கடைசி ஆமென் முடிந்து கையை இறக்கிய பிறகும் ஒலி தூண்களுக்கு இடையில் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு கீழே எல்லாத் தலைகளும் மேலே திரும்பின. ஆராதனையில் கைதட்டக் கூடாது என்று வருடம்தோறும் சொல்கிற பாதிரியாரே முதலில் தட்டினார்.

"அந்தக் கசப்பு சுரம் நான் எழுதினது இல்லையே," என்றான் தம்பி, மூச்சு வாங்க.

"இனிமே எழுதி வச்சுக்கோ," என்றாள் அக்கா.

ஆசீர்வாதம் முடிந்ததும், மக்கள் வெளியே போகும்போது வாசிக்க வேண்டியது பாக்கி இருந்தது. அது ஆர்கன் மட்டும். நடத்த ஆள் தேவையில்லை. சோப்ரானோக்கள் அவளைக் கட்டிக்கொள்ளக் கையை நீட்டிக்கொண்டு வந்தார்கள். அப்புறம், அப்புறம் என்று தலையசைத்துவிட்டு, அவள் பெஞ்சில் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எந்த வேகம்?" என்று கேட்டான் தம்பி.

அவள் கால் ஏற்கெனவே மிதித்துவிட்டிருந்தது.