கடைசிப் பக்கத்து நாடு

டெனிஷ் அகரவரிசை Z எழுத்தோடு முடிவதில்லை. அதற்குப் பின்னும் மூன்று எழுத்துகள் உண்டு. அவற்றில் முதலாவது, A-யும் E-யும் முதுகோடு முதுகு ஒட்டியது போன்ற Æ. செலீனா பத்து வயதில் தாயோடு டென்மார்க்குக்கு வந்தவள். இப்போது அங்கே ஹோர்சன்ஸ் நகரில் புவியியல் ஆசிரியை. இந்த எழுத்து அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அது என்ன செய்துவிட்டது என்பது, எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமைதான் தெரிய வந்தது.

பாடம், ஸ்பெயின் ஆண்ட ஆபிரிக்க நாடு: எக்குவடோரியல் கினி. 1778இல் போர்த்துக்கல் இரண்டு தீவுகளை ஸ்பெயினுக்குக் கொடுத்தது; பதிலுக்குத் தென்னமெரிக்காவில் எல்லைகளைத் தனக்கு வசதியாக்கிக்கொண்டது. தீவில் கொக்கோ நட்டார்கள். 1968இல் விடுதலை. நிலத்தின் பெரும்பகுதி கண்டத்தில் கிடக்க, ஆட்சியோ கடலுக்குள் இருந்த தீவிலிருந்து நடந்தது.

"பூமத்திய ரேகை இந்த நாட்டின் எந்த மண்ணிலும் படாது. தீவுகளுக்கு நடுவே கடலால் போகிறது," என்றாள்.

"அப்படியென்றால் பெயரே பொய்யா?" என்றான் ஒருவன். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தபடி, பழைய ஸ்பானிய வரைபடத்தைத் திரையில் காட்டினாள். விடுதலைக்குப் பின் பெயர்களை மாற்றினார்கள். தீவிலுள்ள மலாபோ நகரம் முன்பு சாந்தா இசபெல். அதன் பின்னால் நிற்கும் மலைக்கும் அதே பெயர்தான்.

அந்தப் பெயரில் அவள் விரல் நின்றுவிட்டது.

அவளுடைய அப்பா இன்னாசித்தம்பி, மன்னாரிலிருந்து ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி, ஆபிரிக்கா வழியாக அவர்களிடம் வரப் புறப்பட்டவர். 2001இல் ஒரே ஒரு தடவை போன் எடுத்தார். "கினியிலை நிக்கிறன். நான் படுக்கிற வீட்டுக் கிழவன் விடிஞ்சா சந்த இசபெல்லைப் பாத்துச் சிலுவை போடுறான். அவவின்ரை தலையிலை எப்பவும் முகில்தான், உன்னை மாதிரி மூஞ்சையை நீட்டிக்கொண்டு நிக்கிறா." அம்மா மரியநாயகி சிரித்தாள். போன் காட் முடிந்து லைன் அறுந்தது.

பெயர் சந்த, அதாவது புனித, என்று தொடங்கினால் மன்னார்க் கத்தோலிக்கருக்கு அது கோயில்தான். கோபுரத்தின் மேல் புனிதையின் சுருவம் நிற்கிறது என்று அம்மா நினைத்தாள். கினியின் தலைநகரான கொனாக்ரியின் ஆயருக்குக் கடிதம் போனது. அப்படியொரு கோயில் இங்கில்லை என்று பதில் வந்தது. "சண்டையிலை இடிச்சிருப்பாங்கள்," என்றாள் அம்மா. மறுபடி எழுதினாள்.

காணாமல் போனவர்களைத் தேடும் நிறுவனமொன்றின் படிவத்தை நிரப்பியது செலீனாதான். அப்போது வயது பன்னிரண்டு; வீட்டில் டெனிஷ் வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நாடுகளின் பட்டியல் நான்கு பக்கம். இரண்டாம் பக்கத்தில் G. கினி, கினி-பிசாவு. முதலாவதுக்குப் புள்ளடி போட்டாள். எக்குவடோரியல் கினியை டெனிஷில் Æ-யில் தொடங்கி எழுதுவார்கள். அது நான்காம் பக்கத்தின் அடியில் இருந்தது.

அந்தச் செவ்வாய் பின்னேரம் செலீனா அம்மா வீட்டுக்குப் போய், கடை விளம்பரத் தாளின் பின்புறத்தில் தீவின் படம் கீறினாள்.

"வீட்டிலையும் வகுப்பு எடுக்கப் போறியோ?" என்றாள் அம்மா.

"அம்மா, சந்த இசபெல் கோயில் இல்லை. மலை."

அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதிய விண்ணப்பம் போனது. நான்கு மாதம் கழித்து, மலாபோவின் பங்குக் கோயிலொன்றிலிருந்து அடக்கப் பதிவேட்டின் ஒரு வரி வந்தது. இனாசிதம்பி, சிலோன்காரர், மலேரியா, நவம்பர் 2004. கீழே குருவானவர் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: பழைய ஆட்கள் சிலருக்கு அவரை நினைவிருக்கிறதாம். ஞாயிறு பூசை முடிந்ததும் தனக்குக் கடிதம் வந்ததா என்று கேட்பாராம்.

செலீனா அதைத் தமிழில் சொல்லி முடித்தாள்.

"ரெண்டாயிரத்து நாலாம் ஆண்டோ?" என்றாள் அம்மா. "நாலாம் ஆண்டு நாங்கள் மற்றக் கினிக்கு எழுதிக்கொண்டிருந்தனாங்கள்."

"ஓம்."

"அந்த லிஸ்ட் எத்தினை பக்கம்?"

"நாலு."

"நீ எத்தினை பக்கம் பாத்தனி?"

"ரெண்டு, அம்மா."

தேத்தண்ணிக்குப் போட்ட மின்கேத்தில் கொதித்துத் தானாகவே நின்றது. இருபத்திரண்டு வருடமாக, இறந்தோர் திருநாள் வரும்போதெல்லாம் பூசைக்கு இறந்தவர் பெயர் கேட்டுப் பங்கிலிருந்து வருபவர்களை, "அவர் செத்தவர் எண்டு ஆர் சொன்னது?" என்று ஏசி அனுப்பியவள் அவள். இப்போது மேசையில் கிடந்த பேனையை மகள் பக்கம் தள்ளினாள்.

"பேரை எழுது. பூசைக்குக் குடுக்க வேணும்."

எழுதினாள்.

"நாட்டையும் எழுது. டெனிஷிலை எழுது."

செலீனா எழுதினாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதலெழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இதுவோ?"

"ஓம் அம்மா."

அம்மா விரலை எடுக்கவில்லை. மை காயாததால் எழுத்து சற்று இழுபட்டது.