எட்டாக் கைபிடி

வேலை கேட்டு அம்புறோஸ் எந்தக் கதவின் முன்னால் போய் நின்றாலும் அதன் கைபிடி அவருக்கு எட்டாத உயரத்துக்கு ஏறிவிடும். 1986இல் ஜெர்மனியில், டோர்ட்முண்டில் அவருக்கு வேலை செய்ய அனுமதி கிடைத்த கிழமையே இது அங்கும் தொடங்கியது. ரொட்டிக் கடை, பொதி பிரிக்கிற இடம், அச்சகம், எல்லாவற்றிலும் ஒரே கதைதான். தெருவில் போனவர்கள் நின்று புதினம் பார்த்தார்கள். வேறு யாரும் வந்தால் கைபிடி மரியாதையாக இறங்கிவரும். தட்டினால் உள்ளே மெஷின் சத்தத்தில் ஒருவருக்கும் கேளாது. கடைசியில் கைபிடியே இல்லாத பின்கதவால் போய் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார்.

அவருக்கு மட்டும் இது புதினமில்லை. அவருடைய தகப்பன் மன்னாரில் தபால் கந்தோர்க் கிளார்க். சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தபின் கந்தோர்க் கதவில் கைபிடி ஏறியது. தமிழில் சோதினை எழுதினவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடப் புள்ளி வேணும் என்றபோது, எஞ்சினியரிங் படிக்கவிருந்த அம்புறோசுக்குப் பல்கலைக்கழகக் கதவில் ஏறியது. சரி, போகட்டும் என்று கொழும்பில் ரேடியோ திருத்துகிற கடை போட்டார். எண்பத்திமூன்று ஆடிக் கலவரத்தில் அதைக் கொளுத்தினார்கள். கதவே மிஞ்சவில்லை, பிறகெங்கே கைபிடி.

"இது உங்களோட முடிஞ்சுது. பிள்ளை இஞ்ச படிச்சவள்," என்பார் மனைவி மரியமலர். மகள் டொறத்தி ஜெர்மன் பிள்ளைகளுக்கே கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். தகப்பனைவிட ஒரு சாண் உயரம். முழுக் குடும்பமும் அந்த உயரத்தில்தான் நம்பிக்கை வைத்திருந்தது.

1989இல் டிவி திருத்துகிற பட்டறை ஒன்று டொறத்தியை அவுஸ்பில்டுங் பேசக் கூப்பிட்டது. சம்பளத்தோடு தொழில் பழகலாம். இருந்தது ஒரே இடம், பிந்தி வருகிறவர்களை முதலாளி எடுக்கமாட்டார். தாயும் தகப்பனும் கூடப் போனார்கள். டொறத்தி கையை நீட்டினாள். கைபிடி ஏறியது. நுனிக்காலில் நின்றாள், அது கதவின் உச்சிவரை போய் நின்றது. மரியமலர் தலையில் கைவைத்துக் குந்திவிட்டார்.

"இவள் என்ன செய்தவள்?" என்று மட்டும் கேட்டார் அம்புறோஸ்.

முதலாளி யன்னலால் தலையை நீட்டி, கதவு பூட்டவில்லையே, எல்லோரும் திறந்துதானே வருகிறார்கள், நேரம் போகிறது என்றார். அவர் பொய் சொல்லவில்லை. உள்பக்கத்தில் கைபிடி இடுப்புயரத்தில்தான் இருந்தது.

"அப்பா, பக்கத்துக் கடையில ஒரு முக்காலி வாங்கிக்கொண்டு ஓடி வாங்கோ," என்றாள் டொறத்தி. இத்தனை வருடமும் அம்புறோசுக்கு அது தோன்றவேயில்லை. யாராவது வந்து திறக்கட்டும் என்று காத்து நின்றே பழகிவிட்டார். பழைய தளபாடக் கடைக் கதவு சும்மா திறந்தது. காசோடு போகிறவனுக்கு எந்தக் கைபிடியும் ஏறுவதில்லை.

டொறத்தி முக்காலியில் ஏறிக் கதவைத் திறந்தாள். முக்காலியையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். முதலாளி அதைப் பார்த்தார். இடம் அவளுக்குத்தான் கிடைத்தது.

இப்போது டோர்ட்முண்டில் எங்கள் தமிழர் வீடுகளில் குடை வைக்கிற மூலையில் ஒரு முக்காலியும் நிற்கிறது. பிள்ளைகள் வேலை கேட்க வெளிக்கிடும்போது, "முக்காலி எடுத்தனியே?" என்று தாய்மார் குசினியில் சமைத்தபடியே கேட்கிறார்கள்.