ஓஷ் சந்தை வெள்ளை மண்

"மாத்திரையை எங்கே கொட்டுற ஜஸ்குல்? கோழிக்கா போடுற?" என்றாள் டாக்டர் சல்தனத், முப்பத்திரண்டாம் வாரத்து ரத்த அறிக்கையை மேஜையில் தட்டி.

ஜஸ்குலுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஐந்தாம் மாதத்தில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்த நாளிலிருந்து ஒரு நாளும் அவள் மாத்திரையைத் தவறவிட்டதில்லை. மாஸ்கோவில் கட்டட வேலை பார்க்கும் கணவனிடமிருந்து வந்த நோய் அது. போனில் அவன் குமுறிக் குமுறி அழுதான். இவள் அழக்கூட நேரமில்லாமல் மாமியாருக்கு நூடுல்ஸ் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"சத்தியமா தினமும் போடறேன் டாக்டர்."

"அப்புறம் ஏன் கிருமி இறங்க மாட்டேங்குது? இந்த மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போற மருந்து."

"அதான் எனக்குப் பயமே. பிள்ளைக்குப் போய் ஏதாவது பண்ணிடுமோன்னு."

"அடி அசடே, போகணும்னுதான் குடுக்கிறேன். உன் ரத்தத்துல கிருமி அடங்கணும், பிள்ளை ரத்தத்துலயும் மருந்து காவலுக்கு நிக்கணும். பிரசவத்துல கிருமி பட்டாலும் சமாளிச்சிடும். ஆனா உன் ரத்தத்துலயே சேராத மருந்து பிள்ளைக்கு எங்கேர்ந்து போகும்? எதோட போடுற, சொல்லு."

"வெறும் வயித்துலதான். கசப்புக்கு ஒரு துண்டு மண்ணு."

சல்தனத் தலையில் அடித்துக்கொண்டாள். ஓஷ் நகரச் சந்தையில் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கென்றே விற்கும் வெள்ளை மண் கட்டியை அவளும் தன் முதல் பிள்ளைக்கு ஒளித்துத் தின்றவள்தான். "சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் இரும்பு மாத்திரையும் வெறும் வயித்துல இந்த மருந்தோட சேரக் கூடாது. மண்ணுல ரெண்டும் இருக்கு. வயித்துக்குள்ளயே மருந்தைப் பிடிச்சு வெச்சுக்கும். இன்னையோட விடு, கிருமி இறங்கிடும். நாலு வாரத்துல மறுபடி பாக்கலாம்."

சொல்வது சுலபம். அந்த மண்ணை வாங்கிவருவது மாமியார் உம்முகான். காலையில் தன் கையாலேயே உடைத்து, மருமகள் தின்னும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். மாத்திரை டப்பாவில் வைட்டமின் என்று எழுதி ஒட்டியிருந்ததால் அதைப் பற்றி அவள் கேட்டதே இல்லை. ஊர் வாய்க்குப் பயந்து ஜஸ்குல் செய்த வேலை அது.

மறுநாள் காலையிலும் மண் வந்தது.

"வேண்டாம் ஆபா. டாக்டர் கூடாதுன்னாங்க," என்றாள் மாமியாரிடம்.

"டாக்டர் எத்தனை பெத்தா? ரெண்டா? நான் அஞ்சு பெத்தேன். ஒண்ணாவது சோடை போச்சா?" உம்முகான் மருமகளின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "உன்னைக் கெடுக்கிறதே அந்த வைட்டமின்தான். போட ஆரம்பிச்சதுலேர்ந்து முகம் வெளிறிக் கிடக்கு."

சொன்னதோடு நிற்காமல் அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு அடுப்பை நோக்கி நடந்தாள். ஜஸ்குல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி, மாமியாரின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். அந்த வீட்டுக்கு வந்த இரண்டு வருடத்தில் அவள் செய்த முதல் மரியாதைக்குறைவு அதுதான்.

"அது வைட்டமின் இல்ல ஆபா. எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. பிள்ளைக்கு வராம இருக்க அந்த மருந்து ஒண்ணுதான் இருக்கு. மண்ணு அதைச் சேர விட மாட்டேங்குது."

உம்முகான் கையை உதறவில்லை. யாரிடமிருந்து என்றும் கேட்கவில்லை. கணவன் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாத வீடு அது. மூலையில் மாட்டியிருந்த மகனின் பழைய சட்டையைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு, மண் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பக்கத்து வீட்டுக்குத்தான் போகிறாள், மாலைக்குள் தெருவே சிரிக்கப்போகிறது என்று நினைத்தாள் ஜஸ்குல். அண்ணன் வீட்டுக்குப் போய்விடலாமா, அவன் பெண்டாட்டி விடுவாளா என்றெல்லாம் மனம் ஓடியது.

வாசலோர வாய்க்காலில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. உம்முகான் வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"எத்தனை மாசமா உனக்கு அதைத் தின்னக் குடுத்தேன்?"

"மூணு மாசம் ஆபா."

"என் கையால," என்றாள் உம்முகான். "என் பேரனுக்குப் போற மருந்தை நானே தடுத்திருக்கேன்."

"உங்களுக்குத் தெரியாதே ஆபா. இன்னும் எட்டு வாரம் இருக்கு. கிருமி இறங்கிடும்ங்கிறாங்க டாக்டர்."

"அதை உன் டாக்டர் என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லட்டும். நாளைக்கே என்னைக் கூட்டிட்டுப் போ."

அந்த வீட்டில் தேநீரோ தண்ணீரோ ஊற்றிக் கொடுப்பது மருமகளின் வேலை. உம்முகான் கெட்டிலைத் தானே எடுத்து, கோப்பையில் தண்ணீர் ஊற்றி நீட்டினாள். மாத்திரை தொண்டையில் இறங்கும்வரை கண்கொட்டாமல் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"வாயைத் தொறந்து காட்டு," என்றாள்.