படுக்க வைத்த பாட்டில்

வீடு மாற ஒரு வாரம்தான் இருந்தது. மூக்குக்கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி அலமாரியைத் திறந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். பாதி குடித்து மூடிவைத்த பாட்டில்கள் உள்ளே முட்டி மோதிக்கொண்டிருந்தன.

"புது வீட்ல இதுங்களுக்கு இடம் கிடையாது. தீர்த்துக் கட்டுங்க."

சொன்னதோடு நிற்காமல் வேலையை அவளே தொடங்கிவிட்டாள். ரம்மில் திராட்சையை ஊறப்போட்டு கேக் சுட்டாள். வோட்கா ஜன்னல் துடைக்கப் போனது. பிராந்தியைச் சின்ன பாட்டில்களில் காற்றுக்கு இடமில்லாமல் கழுத்துவரை நிரப்பி, அக்கம்பக்கத்தில் கொடுத்தாள். அப்படி வைத்தால்தான் ருசி போகாது என்பது அவள் தங்கை புருஷன் சொல்லிக்கொடுத்தது.

மிஞ்சியது ஒரு விஸ்கி. அதை மட்டும் கடைக்காரர் தொடவிடவில்லை.

அது அவரும் அந்தத் தங்கை புருஷனும், அதாவது அவருடைய சகலையும், சேர்ந்து திறந்தது. சகலை கெமிஸ்ட்ரி வாத்தியார். இருவரும் ஜோடியாக இரண்டு பாட்டில் வாங்கி ஆளுக்கொன்று வைத்துக்கொண்டார்கள். ஒருவர் இல்லாமல் மற்றவர் ஒரு சொட்டும் ஊற்றுவதில்லை என்று பேச்சு. இரண்டும் பாதியாகியிருந்தபோதுதான் அந்தப் பாழாய்ப்போன சண்டை. விஸ்கியை நிற்க வைக்கணும், படுக்க வைத்தால் கார்க்கை அரித்துவிடும் என்றார் வாத்தியார். ஒயின் எல்லாம் படுத்துத்தானே கிடக்கிறது என்றார் இவர். "உங்களுக்குக் கண்ணாடி மாட்டத்தான் தெரியும்" என்று அவர் சொல்ல, "எனக்கு வகுப்பெடுக்காதீங்க" என்று இவர் எகிற, பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவர்தான். அக்காவும் தங்கையும் தினம் போனில் பேசினார்கள். ஆம்பளைகளுக்கு மட்டும் வாயில் பூட்டு.

இவரும் விடாப்பிடியாக பாட்டிலைப் படுக்கவே வைத்திருந்தார். ஆனால் அந்த மனுஷன் வராத ஞாயிற்றுக்கிழமைகளை அவரால் சகிக்க முடியவில்லை.

"ஒண்ணு அவரைக் கூப்பிட்டுக் குடிங்க. இல்லைன்னா நான் தொட்டியில கொட்டிடறேன். உங்க ரோஷத்தையெல்லாம் லாரியில ஏத்த முடியாது" என்றாள் மனைவி.

அவள் சொன்னால் செய்வாள். எவ்வளவு மிச்சம் என்று பார்க்க பாட்டிலை எடுத்து கார்க்கைத் திருகினார். மேல்பாதி கையோடு வந்தது. கீழ்ப்பாதி பொடிப்பொடியாக உள்ளே உதிர்ந்தது.

கையிலிருந்த பாதி கார்க்கை மேஜைமேல் வைத்துவிட்டு சகலைக்குப் போன் போட்டார்.

"நான்தான். கார்க் நொறுங்கி உள்ள விழுந்துடுச்சு."

அந்தப் பக்கம் வாத்தியார் கேட்டார்: "படுக்க வெச்சிருந்தீங்களா?"

"ஆமா. நீங்க சொன்னதுதான் சரி." சொல்வதற்குள் அவருக்குக் காது மடல் சுட்டது.

"கொட்டிடாதீங்க. வரேன்."

வாத்தியார் காபி வடிகட்டும் தாளோடு வந்தார். புனலில் தாளை வைத்து நிதானமாக ஒரு சொம்பில் வடித்து, பாட்டிலை அலசித் திரும்ப அதிலேயே ஊற்றினார். 'அப்பவே சொன்னேனே' என்று இப்போது ஆரம்பிப்பார் என இவர் பல்லைக் கடித்துக் காத்திருந்தார். அவர் ஆரம்பிக்கவில்லை. பையிலிருந்து தன்னுடைய பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதே பாதி அளவு. ஆனால் நிறம் வெளிறிப் போயிருந்தது.

"நிக்கத்தான் வெச்சேன். ஜன்னல்ல வெச்சுட்டேன். வெயில் பட்டு வீணாப் போச்சு."

"கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு இது தெரியாதா?"

"தெரியும்." வாத்தியார் புனலையே பார்த்தார். "எங்க வீடு நீங்க கடைக்குப் போற வழியாச்சே. நான் தனியா குடிக்கலைன்னு உங்க கண்ணுல படட்டும்னுதான் வெச்சேன்."

சகலை வீட்டைத் தாண்டும்போதெல்லாம் வீம்புக்கு எதிர்ப்பக்கம் பார்த்து நடந்தவர் கண்ணாடிக்கடைக்காரர். ஊர்க் கண்ணையெல்லாம் சோதிக்கிற மனுஷன், இதைப் பார்க்காமல் விட்டிருக்கிறார்.

இரண்டு பாட்டிலிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினார். குடித்ததும் இருவர் முகமும் ஒன்றுபோலக் கோணியது.

"சகிக்கல" என்றார் வாத்தியார்.

"மகா மட்டம். இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

மனைவி கேக்கைக் கொண்டுவந்து வைத்து, "இன்னிக்கே ரெண்டையும் முடிச்சிடுவீங்களா?" என்றாள்.

"எப்படி முடியும்? சகலை புது வீட்டுக்கு வந்துதான் முடிக்கணும். ஒரு ஞாயித்துக்கிழமையில ஆகற வேலையா இது?"

காலி பாட்டில் ஒன்றின் கார்க்கால் தன்னுடையதை அடைத்து, எழுந்துபோய் இரண்டு பாட்டிலையும் சாமான் பெட்டியின் இருட்டு மூலையில் வைத்தார். சாயாமல் இருக்க நடுவில் ஒரு துண்டைச் சுருட்டிச் செருகி, இரண்டையும் நேராக நிற்க வைத்தார்.