இடது இருக்கையின் நான்கு நாள்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு அவருடைய மனைவி நான்கு நாள் தாமதமாகத்தான் கிடைத்துக்கொண்டிருந்தாள். ஊருக்கு அவள் அன்றன்றைக்கு இருந்தாள். ஓர் அலுவலகத்தின் தபால் பிரிவில் உட்கார்ந்து அன்றைய தேதியைத்தான் முத்திரை குத்தினாள். கணவருக்கு மட்டும், சனிக்கிழமை காலையில் எதிரே உட்கார்ந்து காபி குடிப்பவள் செவ்வாய்க்கிழமைக்காரியாக இருந்தாள். இதற்குக் காரணம் காரில் மாற்றிய டிஃப்ரென்ஷியல்தான் என்பதில் சம்பந்தப்பட்ட மூன்று பேருக்கும் சந்தேகம் இல்லை. எப்படி என்பதில்தான் தலை சுற்றியது.

அது இங்கிலாந்தில் செய்த பழைய கார். பச்சை நிறம், இரண்டே இருக்கை, உட்கார்ந்தபடி கையை நீட்டினால் தரையைத் தொடலாம். கண்ணாடிக்காரர் ஆசை ஆசையாய் அதற்கு ஒரு பெரிய எஞ்சினை ஏற்றியிருந்தார். எஞ்சின் தள்ளிய தள்ளலில், பின் அச்சின் நடுவே இருந்த அறுபது வயது டிஃப்ரென்ஷியலின் பற்கள் மூன்று முறை உதிர்ந்தன. மூன்று முறையும் மனைவி எங்காவது கல்யாணத்துக்குக் கிளம்பியிருந்தாள். மூன்றாவது முறை செருப்பைக் கழற்றி உள்ளே போட்டுவிட்டு வெறுங்காலோடு காரைத் தள்ளியவள், "இன்னொரு தடவை என்னைத் தள்ள வச்சீங்கன்னா நான் பஸ் ஏறிப் போயிடுவேன், அப்புறம் நீங்களும் உங்க காரும்தான்" என்றாள். சொன்னதைச் செய்யக்கூடியவள். சொந்தத் தம்பியோடு ஆறு வருடமாகப் பேசாமல் இருப்பவள். அப்பாவின் சைக்கிளை அவன் ஒரு வார்த்தை கேட்காமல் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான் என்பது வழக்கு.

ஆகவே கண்ணாடிக்காரர் சைலன்சரிடம் போனார். மெக்கானிக்குக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம், அவருக்கு வாய் ஓயாது. மோதி நசுங்கிய ஒரு புது ஜீப்பிலிருந்து, யானையைக் கட்டி இழுத்தாலும் தாங்கும் டிஃப்ரென்ஷியல் ஒன்றை சைலன்சர் கழற்றி வைத்திருந்தார். ஜீப்பின் அச்சு அகலம் கூடுதல். இரண்டு பக்கமும் அறுத்துக் குறுக்கி, நேர் பார்த்து வெல்டிங் வைத்து, ஷாஃப்ட் நுனிகளில் புதிதாகப் பல் வெட்டி, பதினோரு நாளில் காருக்கடியில் ஏற்றிவிட்டார். வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவருக்கு ஒரு பழக்கம்: பழைய வண்டிக்குப் புதுப் பாகம் போட்டால், பழையதிலிருந்து ஒரு துண்டையாவது உள்ளே வைத்துத்தான் மூடுவார். இல்லாவிட்டால் புது இடத்தில் தூக்கம் வராதவர்போல வண்டி முரண்டு பிடிக்கும் என்பார். அப்படித்தான் பழைய டிஃப்ரென்ஷியலின் வாஷர் ஒன்றை இடது பக்கம் போட்டு மூடினார்.

வளைவில் திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிகம் ஓட வேண்டும், உள் சக்கரம் குறைவாக ஓட வேண்டும். அந்த வித்தியாசத்தைச் சத்தமில்லாமல் விழுங்குவதுதான் டிஃப்ரென்ஷியலின் வேலை. ஜீப்பினுடையது விழுங்க மறுத்தது. மிச்சத்தை இருக்கைகளுக்கு அனுப்பியது. ஊரின் ஏரிச் சாலையோ ஒருவழிப்பாதை. காலையில் ஒரு கரை வழியாக வேலைக்கு, மாலையில் மறுகரை வழியாக வீட்டுக்கு, எந்நேரமும் ஏரி இடது கைப்பக்கம்தான். வலது இருக்கையில் ஓட்டுகிறவர் எப்போதும் வெளிவட்டம், இடது இருக்கையில் மனைவி உள்வட்டம். முதல் நாள் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஆளில்லை. அலுவலகம்வரை ஓடித் தேடிவிட்டு வந்து நின்றவரிடம், எதிர்வீட்டுக்காரர் இரண்டு பேரும் சேர்ந்து இறங்கியதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். நாற்பது நிமிடம் கழித்து மனைவி காரிலிருந்து இறங்கி, "ஏன் இப்படி முழிக்கிறீங்க, சாவியை உள்ளேயே வச்சுட்டீங்களா?" என்றாள்.

ஒரு சுற்றுக்கு நாற்பது நிமிடம். நூற்று நாற்பத்து நான்கு சுற்றில் நான்கு நாள் ஆகியிருந்தது. கண்ணாடிக்காரருக்குக் கொஞ்ச காலம் எதுவும் பிடிபடவில்லை. சுட்டெரிக்கும் வெயிலில் மனைவி சொட்டச் சொட்ட நனைந்து வந்து நிற்பாள். அது நான்கு நாளுக்கு முந்தைய மழை. அவளுக்கு லாபம்தான், நாளை மறுநாள் மின்சாரம் போகும் என்று கணவர் சொல்லி முன்கூட்டியே தெரிந்துகொண்டு மாவரைத்துவிடுவாள். பேச்சுக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு குறையும் இல்லாததால் இருவரும் பழகிப்போனார்கள்.

ஒரு சனிக்கிழமை விடிகாலை மைத்துனன் போய்ச் சேர்ந்தான். தூக்கத்திலேயே மாரடைப்பு. சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவிக்கு அன்று செவ்வாய், தம்பி உயிரோடு இருக்கிறான். அவளிடம் என்ன சொல்வதென்று தெரியாமல், கடைக்குச் சரக்கு எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, கண்ணாடிக்காரர் தனியாகச் சாவுக்குப் போனார். அங்கே அவரைக் குழப்புவதென்றே எல்லோரும் கூடிப் பேசி வைத்ததுபோல் இருந்தது. அக்கா வரவில்லையா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு பெரியவர் அவருக்குப் பக்கத்திலிருந்த வெற்றிடத்தைப் பார்த்து, "மனசைத் தேத்திக்கம்மா" என்றார். மழை வலுத்தது. முற்றம் முழுக்க நனைய, வேலியோரம் முருங்கைமரத்தடியில் நின்ற கண்ணாடிக்காரர்மேல் மட்டும் ஒரு சொட்டு விழவில்லை. அண்ணாந்து பார்த்தார். மரத்தில் அவ்வளவு இலை இல்லை.

மைத்துனன் மனைவி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "புதன்கிழமை அண்ணி போன் பண்ணாங்கண்ணா. எடுத்ததும் சைக்கிளை வச்சுத்தான் திட்டுனாங்க. அப்புறம் மூணு மணி நேரம் பேசுனாங்க. டாக்டர்கிட்ட போடான்னு ஒரே அழுகை. இவரும் போனாரு, எல்லாம் நல்லா இருக்குன்னு அனுப்பிட்டாங்க. கடைசி மூணு நாள் மனுஷன் வீடெல்லாம் பாட்டுப் பாடிக்கிட்டே திரிஞ்சாருண்ணா." கண்ணாடிக்காரருக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. அந்தப் புதன்கிழமை, வீட்டில் இருப்பவளுக்கு இன்னும் விடியவே இல்லை.

ஞாயிறு காலையில், அதாவது அவளுடைய புதன் காலையில், மனைவியை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் நெடுநேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "நான் போன் பண்ண மாட்டேன். பண்ணினா நடந்துடும்" என்றாள்.

"நீ பண்ணிட்ட" என்றார் அவர்.

"எனக்கே தெரியாம எப்படிப் பண்ணுவேன்?"

மதியம் போனது. அவள் துணி மடித்தாள், மடித்ததையே மறுபடி மடித்தாள். இவள் பிடிவாதத்தில் இன்றைக்கு விட்டுவிட்டால், பாட்டுப் பாடித் திரிந்த அந்த மூன்று நாளும் மைத்துனனுக்கு இல்லாமல் போய்விடுமா என்று கண்ணாடிக்காரருக்கு மனது அடித்துக்கொண்டது. சைலன்சரிடம் ஓடிக் கேட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக சைலன்சர் ஒன்றும் பேசவில்லை. திரும்பி வந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. மனைவி போனைக் காதில் வைத்துக்கொண்டு, தம்பியைத் தெருவே கேட்கும்படி திட்டிக்கொண்டிருந்தாள். "கேட்டிருந்தா நானே வந்து எடுத்துக்கிட்டுப் போயிருப்பேன்டா, எருமை. அது அப்பா சைக்கிள்டா." மூன்று மணி நேரமும் கண்ணாடிக்காரர் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதார்.

அடுத்த புதன்கிழமை அவளுக்குச் சனிக்கிழமை. இருவரும் அதே வீட்டுக்குப் போனார்கள். கண்ணாடிக்காரர் கண்ணுக்கு முற்றம் காலியாக இருந்தது, வெயில் காய்ந்தது. மனைவி யாருமில்லாத இடத்தில் யார் யார் தோளிலோ சாய்ந்து அழுதாள். அவளுடைய தலைமுடி நனையத் தொடங்கியதும் அவர் குடையை விரித்து நீட்டினார். அவள் அதை வாங்கிக்கொண்டு, "அன்னிக்கு நீங்க எங்க நின்னீங்க?" என்றாள். அவர் முருங்கைமரத்தடியைக் காட்டினார். அங்கே போய், தான் நனைந்தபடி, வெறும் காற்றுக்கு மேலே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஏரியை வலது கைப்பக்கம் வைத்து நூற்று நாற்பத்து நான்கு சுற்றுச் சுற்றினால் கணக்கு நேராகிவிடும் என்று சைலன்சர் பிறகு கண்டுபிடித்துச் சொன்னார். அதற்குள் நகராட்சி ஏரிச் சாலையை இருவழியாக்கிவிட்டது. போன கரையிலேயே திரும்பி வந்தார்கள், தாமதம் நான்கு நாளிலேயே நின்றது. "இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் மனைவி. மழைக்காலத்தில் எந்தத் தெருவில், எத்தனை மணிக்குத் தன்மேல் மழை விழவில்லை என்பதைக் கண்ணாடிக்காரர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவளிடம் கொடுத்துவிடுகிறார். அவள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள்.