கங்கையம்மாளின் மீன் தொட்டி

மெட்ராஸில் அந்த மீன்கடைக்காரர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், கங்கையம்மாள் வேடிக்கை பார்த்துவிட்டு நேரே பஸ் ஏறி ஊர் வந்து சேர்ந்திருப்பாள். அவர்தான் சும்மா இருக்காமல், "காஞ்சிபுரமா? வேணாம்மா. உங்க ஊர்த் தண்ணிக்கு இது ரெண்டு நாள் தாங்காது" என்று சொல்லிவிட்டார்.

அது 1967ஆம் வருஷம், ஆவணி மாசம். அம்பத்தூரில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் மழைக்கு ஒதுங்கிய இடம் அந்தக் கடை. வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். சிவப்பு மீன், பொன் நிற மீன் எல்லாவற்றையும் அவள் ஒரே பார்வையில் கடந்துவிட்டாள். கடைசித் தொட்டி முன்னால்தான் கால் நின்றது. வெற்றிலையை நிமிர்த்தி வைத்தது போலத் தட்டையான மீன்கள். நேர் எதிரே திரும்பினால் ஒரு கோடு மட்டும்தான் தெரியும். வெள்ளி உடம்பில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டைகள், மேலும் கீழும் அரிவாளாக வளைந்த துடுப்புகள், வயிற்றடியில் தொங்கும் இரண்டு நூல்கள். மற்ற தொட்டிகளில் மீன்கள் அலைபாய, இவை மட்டும் பச்சை இலைகளுக்கு நடுவே அப்படியே நின்றன. நீந்தாமல் ஒரு மீன் எப்படி நிற்கும்?

"இதும் பேரு ஏஞ்சல்" என்றார் கடைக்காரர். அதற்கு அப்புறம்தான் எந்த ஊர் என்று கேட்டு, தண்ணீர்ப் பேச்சை எடுத்தார்.

"எங்க ஊர்த் தண்ணிக்கு இன்னா கொறைச்சல்? அதுல அலசித்தான் பட்டே பளபளன்னு இருக்குதுன்னு ஊரெல்லாம் சொல்லுது!"

"பட்டு மூச்சு விடுதாம்மா? மீனு விடணுமே."

கங்கையம்மாளுக்கு அந்தப் பதில் போதவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷமாகப் பிரசவம் பார்க்கிறவள். ஒன்றை ஆகாது என்று யாராவது சொன்னால், ஏன் ஆகாது என்று கேட்காமல் விடமாட்டாள். டாக்டர்களுக்கே சில சமயம் அது எரிச்சல்.

மறுநாள் பிள்ளையார்பாளையத்தில் தன் தெருக்கோடியில் இருந்த வீரபத்திரனின் சாயப்பட்டறைக்குப் போய் நின்றாள். அவருடைய கடைசி இரண்டு பிள்ளைகளும் அவள் கையில் பிறந்தவை. பட்டு நூலைக் கொதிக்க வைத்துப் பசை எடுத்துச் சாயம் ஏற்றுகிறவர், முழங்கை வரை ஊதா நிறத்தோடு வெளியே வந்தார்.

"அண்ணா, நம்ம தெருத் தண்ணி நல்ல தண்ணியா, கெட்ட தண்ணியா?"

"இன்னா நர்சம்மா, ஆஸ்பத்திரியில யாருக்கானா பேதியா?"

"அது இல்ல. மீன் வளக்கணும்."

வீரபத்திரன் சிரிக்கவில்லை. தண்ணீரைப் பற்றி அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. அவருக்கோ சொல்வதற்கு நிறைய இருந்தது. தெருவில் மூன்று கிணறு, மூன்றும் மூன்று ஜாதித் தண்ணீர் என்றார். மூன்று பாட்டில்களில் மூன்று கிணற்றுத் தண்ணீரையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கிக் காட்டினார். முதல் பாட்டிலில் நுரையே இல்லை. திரிந்த பால் போல வெள்ளைத் திப்பி மிதந்தது. இரண்டாவதில் பேருக்குக் கொஞ்சம் நுரை. மூன்றாவது, அவர் பட்டறைக்குப் பின்னால் இருந்த கிணறு, பாட்டில் கழுத்து வரை நுரைத்துக்கொண்டு வந்தது.

"மொதக் கிணத்துத் தண்ணில நூலைப் போட்டா மொடமொடன்னு பூடும். மூணாவதுதான் பட்டுக்கு ஆவும்."

"மீனுக்கு?"

"அது எனக்கெப்படிமா தெரியும்? நான் நூலைத்தான் கேட்டுக்கினு இருக்கேன் இத்தன வருசமா."

அடுத்த மாசம் மகளைப் பார்க்கப் போனபோது கங்கையம்மாள் பையில் ஒரு காலிப் பாட்டிலும் காகிதத்தில் சுற்றிய சோப்புத் துண்டும் இருந்தன. மீன்கடைக்காரரிடம் ஏஞ்சல் தொட்டித் தண்ணீரைக் கேட்டு வாங்கி, கடை வாசலிலேயே நின்று குலுக்கினாள். பாட்டில் கழுத்து வரை நுரைத்தது. "எங்க வீரபத்திரன் அண்ணன் கிணறு!" என்று அவள் கூவியதில், தங்க மீன் வாங்க வந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். கடைக்காரர் முதலில் விழித்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அன்றைக்குத்தான் மனம் திறந்து பேசினார். மீன் கடைசியில்தான் வரவேண்டும். முதலில் தொட்டி, அப்புறம் மணல், அப்புறம் செடி. செடி வேர் பிடித்து ஒரு மாசம் ஆன பிறகு மீன். செடி நன்றாக இருந்தால் காற்று ஊதும் மோட்டாரும் வேண்டாம் என்றார்.

தொட்டி செய்யும் வேலை புருஷன் கலியன் தலையில் விழுந்தது. அவனுக்குக் கேட், ஜன்னல் கம்பி வெல்டிங் செய்யும் பட்டறையில் வேலை. மூன்றடி நீளம், ஒன்றரை அடி உயரம். இரும்புச் சட்டம் ஒரு மணி நேரத்தில் தயார். கண்ணாடி பதித்து, சுண்ணாம்புப் பொடியும் ஆளி எண்ணெயும் பிசைந்த மக்கு வைத்து அடைத்தான். தண்ணீர் ஊற்றியதும் நான்கு மூலையிலும் அழுதது.

"இத்தினி கேட் செஞ்சிருக்கேன். ஒழுவுதுன்னு ஒருத்தன் சொன்னதில்ல" என்றான் கலியன்.

"கேட்டுல யாரு தண்ணி ஊத்துனா?"

ரோஷம் வந்துவிட்டது அவனுக்கு. மக்கை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு, தாரை உருக்கி மூலைகளில் வார்த்து, அதன்மேல் புது மக்கு வைத்தான். எட்டு நாள் காய்ந்தது. ஒன்பதாம் நாள் ஊற்றிய தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை. தார் வாடை போகும்வரை தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினார்கள்.

பாலாற்றுப் பெருமணலை அலசி அலசி, வாளித் தண்ணீர் தெளிவாக நிற்கும் வரை விடவில்லை அவள். செடிக்கு மாகறல் கிராமத்துக்குப் போனாள். ஆற்றோரக் கால்வாயில் சேலையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு இறங்கி, ரிப்பன் போல நீண்ட பாசியும், வேலம்பாசியும், கிழங்கோடு அகல இலைக் கொட்டிச் செடியும் பிடுங்கி ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். அவளைத் தெரிந்த ஒரு கிழவர் மூட்டையை முகர்ந்து பார்த்து, "பிரசவத்துக்குப் பச்சிலையா நர்சம்மா?" என்று கேட்டார். மீனுக்கு என்றதும் பஸ்ஸில் பாதிப் பேர், குழம்புக்கு இதை எப்படிப் போடுவது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

பின்பக்கம் உயரமாக, முன்பக்கம் சரிவாக மணலைப் பரப்பினாள். அதன்மேல் ஒரு தட்டை வைத்து, மணல் கலையாமல் தட்டின்மேல் வீரபத்திரன் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினாள். நீளப் பாசியைப் பின்னால் வரிசையாகவும், கொட்டியை நடுவிலும் நட்டாள். இரண்டு நாள் கண் கொள்ளாமல் இருந்தது. மூன்றாம் நாள் தண்ணீர் அரிசி களைந்த கழுநீராகிவிட்டது. இலைகள் பழுத்து அழுகின. எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று வாளியை எடுத்துவிட்டாள்.

"சும்மா இருமா" என்றார் வீரபத்திரன். "புதுசா சாயம் கூட்டுனாகூட மொதல்ல கலங்கித்தான் கெடக்கும். கையை உட்டுக்கினே இருந்தா எப்போ தெளியும்?"

பத்து நாளில் தெளிந்தது. அழுகிய இலைகளுக்கு அடியிலிருந்து இளம் பச்சையாகப் புதுத் தளிர் வந்தது. ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஜன்னல் வெயில் தொட்டிமேல் சாய்ந்தபோது, இலை விளிம்புகளில் கடுகு கடுகாகக் குமிழி திரண்டு ஒவ்வொன்றாக மேலே ஏறியது. நிழல் விழுந்ததும் நின்றது. கங்கையம்மாள் ஜன்னல் கதவைச் சாத்திப் பார்த்தாள், திறந்து பார்த்தாள். வெயில் வந்தால் குமிழி, போனால் இல்லை. அன்று ஆஸ்பத்திரிக்கு அரை மணி தாமதம். பெரிய நர்ஸிடம் காரணம் சொன்னால் நம்பியிருக்கமாட்டார் என்பதால் சொல்லவில்லை.

நான்கு ஏஞ்சல்கள் பிளாஸ்டிக் பையில் அவள் மடியில் உட்கார்ந்து ஊர் வந்தன. அப்போது ஒவ்வொன்றும் எட்டணாக் காசு அகலம்தான். இரண்டு நாள் ஆயிற்று, ஒரு வாரம் ஆயிற்று, ஒரு மாசமும் ஆயிற்று. ஒன்றும் சாகவில்லை. கொல்லை மூலையில் தண்ணீர் ஊற்றி வைத்த மண்சட்டியில் வளர்ந்த, கொசுவின் கூத்தாடிப் புழுக்களைத் தின்று கொழுத்தன. ஒரு வருஷத்துக்குள் உள்ளங்கை அகலம் வந்துவிட்டன.

அதற்கப்புறம்தான் சண்டை தொடங்கியது. இரண்டு மீன்கள் சேர்ந்துகொண்டு மற்ற இரண்டையும் ஒரு மூலைக்கு விரட்டின. விரட்டிய ஜோடி, நடுவில் இருந்த கொட்டி இலை ஒன்றை ஒரு நாள் முழுக்க வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்தது. மறுநாள் மத்தியானம் டியூட்டி முடிந்து வந்தவள், அந்த இலைமேல் மணி மணியாக முட்டைகள் வரிசை கட்டி ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். ஒன்று மாற்றி ஒன்று துடுப்பால் முட்டைகளுக்கு விசிறிக்கொண்டு நின்றது.

"ஏங்க, இங்க வாங்க! ஆம்பளையும் விசிறுது!" என்று கத்தினாள்.

கலியன் வந்து எட்டிப் பார்த்தான். "எது ஆம்பளைன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சிது?"

தெரியவில்லைதான். ரெண்டும் அச்சாக ஒன்று போல இருந்தன. இத்தனை வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒரு சந்தேகம் அவளுக்கு வந்ததில்லை.

மூன்றாம் நாள் முட்டைகளில் வால் முளைத்தது. தலை இலையில் ஒட்டியிருக்க, வால் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. அப்போது அவள் கண்ணெதிரே பெரிய மீன் ஒன்று இலையருகே வந்து, வாயைத் திறந்து, நாலைந்து குஞ்சுகளைக் கவ்வியது. கங்கையம்மாள் வலையை எடுத்துவிட்டாள். ஆபத்து என்றால் கையை விட்டுக் காப்பாற்றிப் பழகிய உடம்பு. சட்டென்று வலையைப் போட்டு, பெரிய மீன்கள் நான்கையும் பிடித்து அண்டாவில் போட்டுவிட்டாள். குஞ்சுகள் தப்பித்தன என்று நிம்மதியாக வேலைக்குப் போனாள். மறுநாள் காலையில் ஒரு வால்கூட அசையவில்லை. எல்லாவற்றின்மேலும் பஞ்சு போல வெள்ளைப் பூசணம் படர்ந்திருந்தது.

சொந்தப் பிள்ளையையே தின்கிற ஜென்மம் என்று அவள் மீனைத் திட்டிக்கொண்டிருந்தபோது வீரபத்திரன் வந்தார். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வாயில போட்டுச்சு, சரி. முழுங்குனத நீ பாத்தியா?"

கங்கையம்மாள் யோசித்தாள். பார்க்கவில்லை. அதற்குள் வலையைப் போட்டுவிட்டாள்.

அந்தக் கேள்வி இரண்டு வாரம் அவளை அரித்தது. தொட்டிக்குத் திரும்ப விட்ட ஜோடி மறுபடியும் அதே இலையில் முட்டையிட்டதும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு முக்காலியைப் போட்டுத் தொட்டி எதிரே உட்கார்ந்தாள். வேடிக்கை பார்க்க வந்த பெண்களை வாசலோடு திருப்பி அனுப்பினாள். பிரசவ அறைக்குள் கூட்டம் கூடாது. வலையைக் கலியனிடம் கொடுத்து, "நான் கேட்டாலும் கொடுக்காதீங்க" என்றாள்.

மூன்றாம் நாள் வாலும் முளைத்தது. பெரிய மீன் வந்தது, வாயைத் திறந்தது, கவ்வியது. கங்கையம்மாள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மீன் ஏதோ மெல்லுவது போல வாயை அசைத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போனது. 'ப்பூ' என்று ஊதியது. குஞ்சுகள் ஒவ்வொன்றாகப் புது இலையில் ஒட்டிக்கொண்டு வாலை ஆட்டின. மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. வாயில் போட்டு அழுக்குப் போக அலசி, சுத்தமான இடத்தில் படுக்க வைத்திருக்கிறது. ஒரு குஞ்சு இலையிலிருந்து நழுவி மணலை நோக்கி விழுந்தது. அது தரையைத் தொடுவதற்குள் இன்னொரு மீன் பாய்ந்து கவ்வி, திரும்பக் கொண்டுவந்து ஒட்டியது.

"வலை வேணுமா?" என்றான் கலியன் பின்னாலிருந்து.

"பேசாம இருங்க." போன தடவை செத்தவற்றை நினைத்துக்கொண்டாள். "நான்தாங்க கொன்னுட்டேன்" என்றாள். கலியன் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சாயங்காலம் வரை தானும் பார்த்தான்.

ஆறாம் நாள் குஞ்சுகள் இலையை விட்டுக் கிளம்பி, பெற்றவர்களைச் சுற்றி மேகமாக நீந்தின. இனி என்ன கொடுப்பது? கூத்தாடிப் புழு அவற்றைவிடப் பெரியது. வீரபத்திரன் பட்டறையிலிருந்து ஒரு முழம் மெல்லிய வெள்ளைப் பட்டுத் துணி கொண்டுவந்தார். குட்டைத் தண்ணீரை முதலில் வேட்டித் துணியில் வடிகட்டிப் பெரிய பூச்சிகளைத் தள்ளினார்கள். வடிந்த தண்ணீரைப் பட்டில் ஊற்றினார்கள். பட்டின்மேல் தூசி போல, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குட்டிப் பூச்சிக் கூட்டம் தங்கியது. அதைத் தொட்டியில் உதறியதும் குஞ்சுகளின் வயிறு ஒவ்வொன்றும் ஊசிமுனை அளவு பருத்தது.

மூன்று வாரம் ஆனது. குஞ்சுகள் வளர்ந்தன, ஆனால் ஏஞ்சல் போல இல்லை. சாதாரண ஓடை மீன் போல ஒல்லியாக, நீளமாக இருந்தன.

"நர்சம்மா, கொழந்த மாறிப் போச்சா?" என்று கேட்டார் வீரபத்திரன். "மாகறல் செடியோட ஏதானா கெண்டை முட்டை வந்திருக்கப் போவுது."

"என் கண்ணு முன்னால போட்ட முட்டை அண்ணா! மாறுறதுக்கு எங்க வழி?" என்றாள். ஆனாலும் அவளுக்கும் உள்ளுக்குள் சந்தேகம்தான். தினமும் காலையில் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள், ஒன்றின் முதுகில் ஒரு முனை நிமிர்ந்திருப்பதைக் கண்டாள். மறுநாள் வயிற்றுப் பக்கத்திலும் ஒன்று. அந்த வாரத்துக்குள் மிஞ்சிய முப்பத்தொரு குஞ்சுகளும் மேலும் கீழுமாக விரிந்து, நகத்தளவு வெற்றிலைகளாகிவிட்டன. பட்டைகளும் வந்துவிட்டன.

பார்க்கப் பார்க்க அவளுக்கு இன்னொன்று கண்ணில் பட்டது. விடியற்காலையில் அறை விளக்கைப் போட்டதும் அந்தப் பட்டைகள் மங்கிக் கிடக்கின்றன; கொஞ்ச நேரம் போனால் தானாகக் கறுக்கின்றன. விளக்கை அணைத்தாள். மனதுக்குள் நூறு எண்ணிவிட்டுத் திரும்பப் போட்டாள். கறுத்திருந்த பட்டைகள் மறுபடியும் மங்கிக் கிடந்தன.

"ஏங்க, ஒரு நிமிசம் இங்க வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டாள்.