பதினொரு வண்டியும் ஒரு காலும்

பல் டாக்டர் மூணாவது தடவையா வண்டியைக் கொண்டுவந்து வாசல்ல நிறுத்தினப்போ எனக்குக் கோபம் மூக்குக்கு மேல வந்துடுச்சு. மறைக்கவும் இல்ல. ஷட்டரைப் பாதி தூக்கிப் பிடிச்சபடியே, "என்ன டாக்டர், மறுபடியும் குதிக்குதா?"ன்னு கேட்டேன்.

"குதிக்குதுங்க." மெதுவாப் பேசற மனுஷன். நாள் பூரா பயந்தவங்க வாய்க்குள்ள ஊசி போட்டுப் போட்டு அந்தக் குரல் அமைஞ்சிருக்கும்போல. "பார்க்கிங்ல இருந்து எடுக்கும்போது பெடலை லேசாத்தான் தொட்டேன். எதிர்ச் சுவர் முகத்துக்கு நேரா வந்துடுச்சு. வீட்டம்மா இனிமே இதுல ஏறமாட்டேன்னுட்டாங்க."

"ஸ்போர்ட்ஸ் கூபே வாங்கிட்டுத் தொட்டில் மாதிரி ஆடணும்னா நான் என்ன பண்றது?"

அவர் சிரிச்சார். அது இன்னும் எரிச்சலா இருந்துச்சு.

வண்டியைப் பத்திச் சொல்லிடறேன். ரெண்டே கதவு, நீள மூக்கு, ஆறு சிலிண்டர், ரெண்டு டர்போ, பின்சக்கரம்தான் தள்ளும். ஃபேக்டரியில இருந்து வரும்போது ரொம்ப மரியாதையா வரும், விருந்துக்குப் போன வீட்டுல உட்கார்ந்த பிள்ளை மாதிரி. எஞ்சின் எப்ப எவ்வளவு வேகம் காட்டணும்னு கம்ப்யூட்டர்ல இருக்கற கணக்கை, அதாவது மேப்பை, மாத்தி, சஸ்பென்ஷனை இறுக்கி, அதுக்கு ஒரு குணம் கொண்டுவர்றதுதான் எங்க வேலை. நாங்கன்னா நானும் என் தங்கச்சியும். சஸ்பென்ஷன், பிரேக் எல்லாம் அவ. எஞ்சின் நான். வண்டியை ரோலர் மேல ஏத்தி பவர் அளக்கறதை யார் வேணும்னாலும் செய்யலாம். பெடலை இவ்வளவு அமுக்கினா எஞ்சின் எவ்வளவு பதில் சொல்லணும்னு முடிவு பண்றது இருக்கே, அதுக்கு மெஷின் கிடையாது. ரோட்டுல ஓட்டித்தான் பார்க்கணும். அதுக்கு என் வலது கால். அதுக்குன்னே அடி மெல்லிசா ஒரு ஜோடி ஷூ வச்சிருக்கேன். இருபத்திரண்டு வருஷமா ஜனங்க இங்க வர்றது இந்தக் காலுக்காகத்தான். இதை நான் பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன்.

"அண்ணா, இந்தத் தடவை நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கட்டுமா?"ன்னா தங்கச்சி. வண்டிக்கு அடியில இருந்து தலையை மட்டும் நீட்டி.

"நீ உன் ஸ்பிரிங்கைப் பாரு."

அவ தலையை உள்ள இழுத்துக்கிட்டா.

டாக்டரைப் பக்கத்து சீட்டுல உட்கார வச்சுக்கிட்டுக் கிளம்பினேன். லேப்டாப்பை அவர் மடியில வச்சேன். ரிங் ரோடு காலியா இருந்துச்சு. என்னைக் கேட்டா வண்டி அன்னைக்கும் தூங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. காலை வைப்பேன், ஒண்ணும் நடக்காது, ஒண்ணும் நடக்காது, திடீர்னு முதுகுல தள்ளும். கொஞ்ச நாளாவே எல்லா வண்டியும் இப்படித்தான். புது மாடல்களை எல்லாம் சோம்பேறியாப் படைக்கறாங்கன்னு தங்கச்சிகிட்டத் திட்டிக்கிட்டே இருப்பேன். திட்டிட்டு, பெடலை இவ்வளவு அமுக்கினா பவர் இவ்வளவுன்னு லேப்டாப்ல இருக்கற அந்தப் பெடல் கோடு, அதை இன்னும் கொஞ்சம் தூக்கி விடுவேன்.

ரவுண்டானாவைச் சுத்திட்டு சூப்பர்மார்க்கெட் பார்க்கிங்ல ஒரு ஓரமா நிறுத்தச் சொன்னார் டாக்டர். நிறுத்தினேன். நிறுத்தினேன்னா, ஒரு குலுக்கு குலுக்கி நின்னுச்சு.

"ஒண்ணு கேக்கட்டுமா? பிரேக் போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு காலைப் பார்க்கறீங்களே, ஏன்?"

"நான் எங்க பார்த்தேன்?"

"ஒன்பது தடவை." கோபமே இல்லாம சொன்னார். "ஷூவைக் கழட்டுங்க."

நல்லா நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனா ஏனோ கழட்டிட்டேன். ஷூவைக் கவிழ்த்தப்போ கறுப்பா ஒரு சின்ன ஸ்க்ரூ தரையில விழுந்துச்சு. டேஷ்போர்டு பேனலுக்குப் போடறது. சாக்ஸ் பாதத்தோட ஒட்டியிருந்துச்சு. உரிச்சேன். பெருவிரலுக்குக் கீழ சதை பிளந்து, ரத்தம் காய்ஞ்சு, அதுக்கு மேல புதுசா ரத்தம். காலையில எட்டு மணிக்குப் போட்ட ஷூ அது. மத்தியானம் வரைக்கும் அதோடதான் நடந்திருக்கேன், மாடி ஏறி இறங்கியிருக்கேன், சாப்பிட்டிருக்கேன்.

டாக்டர் சட்டைப் பையில இருந்து பேனாவை எடுத்தார். "கண்ணை மூடிக்கோங்க. நான் தொடும்போது சொல்லுங்க."

"இப்ப," ன்னேன்.

பதில் இல்ல.

"இப்ப."

"கண்ணைத் திறங்க," ன்னார். பேனா மூடி அவர் பையிலயே இருந்துச்சு, கூர்முனை என் நடுவிரல்ல அழுந்திக்கிட்டு இருந்துச்சு. எவ்வளவு நேரமாவோ தெரியல. விரல்ல நீலமா நாலஞ்சு புள்ளி. நான் ரெண்டு தடவைதான் 'இப்ப' சொல்லியிருந்தேன்.

"மரத்துப் போச்சான்னு ஒரு நாளைக்கு இருபது பேரைக் கேக்கற ஆளு நான். பொய் சொல்றவங்களை முகத்தைப் பார்த்தே தெரிஞ்சுக்குவேன். சர்க்கரை இருக்கா?"

இருக்கு. ரெண்டு வருஷமா. மாத்திரை மேஜை டிராயர்ல இருக்கு, பிரிக்காம. தங்கச்சிக்குத் தெரியாது.

அந்த நேரம் எனக்கு என்ன தோணுச்சுன்னு கேட்டா, ஒண்ணும் தோணல. பயம் வரும்னு காத்திருந்தேன், வரல. பக்கத்துல ஒரு அம்மா தள்ளுவண்டியில இருந்து பைகளை எடுத்து டிக்கியில அடுக்கிக்கிட்டு இருந்தாங்க. அதையே பார்த்துக்கிட்டிருந்தேன். டாக்டர் வந்து கதவைத் திறந்து, "இந்தப் பக்கம் மாறி உட்காருங்க," ன்னார். மாறி உட்கார்ந்தேன். அவர் ஓட்டினார். ஒவ்வொரு சிக்னல்லயும் வண்டி பாய்ஞ்சுது. பக்கத்து சீட்டுல இருந்து பார்த்தப்போதான் புரிஞ்சுது. அவர் பெடலைத் தொடத்தான் செஞ்சார். வண்டி தூங்கவே இல்ல. நான் அமுக்கிட்டேன்னு நினைச்ச இடத்துக்கு என் கால் இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது, அவ்வளவுதான்.

தங்கச்சி காலைக் கழுவிக் கட்டுப் போட்டா. எங்கே, எப்படின்னு ஒரு வார்த்தை கேட்கல. அவ திட்டியிருந்தா நானும் திட்டி சமாளிச்சிருப்பேன். டாக்டர் கிளினிக்குக்கு நேரமாச்சுன்னு டாக்ஸி பிடிச்சுக் கிளம்பினார். கிளம்பும்போது ஒரு பேப்பர்ல வேற ஒரு டாக்டர் பேரு, நம்பர் எழுதி அவ கையில கொடுத்தார், என் கையில இல்ல.

அப்புறம் அவ லேப்டாப்பைத் திறந்தா. போன ஒரு வருஷத்துல நான் முடிச்ச வண்டிகளோட பெடல் கோடு எல்லாத்தையும் எடுத்து ஒரே திரையில ஒண்ணு மேல ஒண்ணாப் போட்டா. எனக்கு இது தோணவே இல்ல. முடிஞ்ச வண்டியைத் திரும்பிப் பார்க்கற பழக்கம் எனக்குக் கிடையாது.

பதினொரு கோடு. முதல் கோடு சாய்வா, அழகா ஏறுது. அடுத்தது கொஞ்சம் செங்குத்து. அதுக்கடுத்தது இன்னும். கடைசிக் கோடு டாக்டரோடது, தரையில இருந்து நேரா எழும்பி நிக்குது. மாசம் தவறாம ஏறியிருக்கு. என் கால் செத்துக்கிட்டு வந்ததை நானே அளந்து, நானே அடுத்தவங்க வண்டியில ஏத்தி அனுப்பியிருக்கேன்.

"மழையில ஒரு வளைவு போதும் அண்ணா," ன்னா. "பின்சக்கரம் தள்ளற வண்டி, சறுக்கிடும்."

"தெரியும்."

"பதினொண்ணும் திரும்பி வரணும்."

"சாஃப்ட்வேர் அப்டேட்னு சொல்லி வரவழைப்போம். நீ ஓட்டு, நான் மாத்தறேன். யாருக்கும் தெரியாது."

அவ லேப்டாப்பை மூடினா. "அப்படியும் பண்ணலாம். ஆனா பன்னெண்டாவது ஆளு உன் காலைத் தேடி வந்து, என் வண்டியை ஓட்டிப் பார்க்கப்போறது யாருன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

அவ போனை என் பக்கம் தள்ளி வச்சுட்டு எதிர்ல உட்கார்ந்தா. முதல்ல யாரைன்னு யோசிச்சு, ஆர்க்கிடெக்ட் அம்மாவைக் கூப்பிட்டேன். அவங்களோடதும் இதே கூபேதான், சாம்பல் நிறம். டாக்டருக்கு முந்தின கோடு அவங்களோடது.

"அடடே, நீங்களா," ன்னாங்க. "நானே கூப்பிடணும்னு இருந்தேன். இந்தத் தடவை பண்ணினது இருக்கே, உங்க வேலையிலேயே இதுதான் உச்சம். போன வண்டியும் நீங்கதானே பண்ணீங்க, இதுக்குப் பக்கத்துல அது நிக்காது. தொட்டாப் பறக்குது. உங்க காலுக்குக் கோயில் கட்டலாம்னு என் வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன்."

போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. தங்கச்சி என்னைப் பார்க்கல, தன் நகத்துல இருந்த கிரீஸைத் துடைச்சுக்கிட்டு இருந்தா.

சும்மா இருந்திருக்கலாம். ரொம்ப நன்றிங்க, ஒரு சின்ன அப்டேட் இருக்கு, சனிக்கிழமை கொண்டுவாங்கன்னு சொல்லியிருக்கலாம். சொல்றதுக்கு வாயும் திறந்துச்சு. இருபத்திரண்டு வருஷத்துல இப்படி ஒரு பாராட்டு யாரும் சொன்னதில்ல. நல்லா இருந்த காலுக்குக் கிடைக்காத பாராட்டு.

"அம்மா, அந்த வண்டியை நீங்க ஓட்டாதீங்க. நாங்களே வந்து எடுத்துக்கறோம்."

"ஏன், என்னாச்சு? எனக்கு இப்படியேதான் வேணும். அதோட குணத்தைக் கெடுத்துடாதீங்க."

"அது வண்டியோட குணம் இல்லைங்க. என் வலது காலுக்கு உணர்ச்சி இல்ல. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். என் காலுக்கு உறைக்கணும்னு ஒவ்வொரு வண்டியிலயும் ஏத்திக்கிட்டே போயிருக்கேன்."

அப்புறம் அவங்க குரல் இறங்கி வந்துச்சு. "நேத்து என் பொண்ணு ஓட்டிக்கிட்டுப் போனா," ன்னாங்க. "ஸ்கூல் பக்கமா."

"ஒண்ணும் ஆகலையே?"

"ஆகல."

நீங்க எங்கயும் எடுத்துட்டுப் போகாதீங்க, இப்பவே வர்றோம்னு தங்கச்சி சொன்னா. அவங்க சரின்னாங்க. போனை வச்சுட்டாங்க. தங்கச்சி எழுந்து சாவி மாட்டற பலகைக்குப் போய் வண்டிகளை இழுத்துட்டு வர்ற எங்க வேன் சாவியை எடுத்தா. வழக்கமா அதை நான்தான் எடுப்பேன்.

"நான் போய் எடுத்துட்டு வர்றதுக்குள்ள மீதி ஒன்பது பேரையும் கூப்பிட்டுடு," ன்னா. "இப்பச் சொன்ன மாதிரியே சொல்லு."

அடுத்த நம்பரைப் போட்டேன்.